மலையில் ஓட்ட ஒன்றிரண்டு வருடக் கார் நல்லதா, புதுக் கார் நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருபது வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வீஸுக்கு விட்ட வண்டிக்காகக் காத்திருக்கும்போதும், இரவு எட்டு மணிக்குப் போன் போட்டும் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணா, புதுசு எடுக்கட்டுமா, கொஞ்சம் ஓடினது எடுக்கட்டுமா?" ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். "கொஞ்சம் ஓடினது" என்றால் மூன்று வருடத்துக்குள், 30,000 கிலோமீட்டருக்குள் ஓடிய, முதல் உரிமையாளரிடமே இருக்கும் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் எது லாபம்?

நியாயமான விலைக்குக் கிடைத்தால், கோவை, திருப்பூர் பக்கம் சமவெளியில் ஓடிய இரண்டு வருடக் கார்தான் லாபம். எது நியாயமான விலை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தக் காரின் விலையோடு பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கியதும் பார்க்க வேண்டிய வேலை எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டிய தொகை, அதே மாடல் புதுக் காரின் இன்றைய ஆன்-ரோடு விலையைவிட (சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை) ஐந்தில் ஒரு பங்காவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புதுசையே எடுங்கள். ஒரு வருடமே ஆன காராக இருந்தால் 12 சதவீதம் குறைந்தாலும் போதும் என்பேன்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க முடியுமா? விற்பவர் "நான் ஒன்பது லட்சம் போட்டு எடுத்தேன்" என்கிறாரே?

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்பது லட்சம் உங்களுக்குத் தேவையில்லாத எண். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருப்பவை இதில் வரும். அதற்கு முன்பு 28 சதவீத வரியும் அதற்குமேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன.

இன்று எக்ஸ்-ஷோரூமில் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேர்க்காமல்) 7,00,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி அடிப்படை விலையை மாற்றவில்லை என்றால், பழைய வரியில் அதே கார் 7,65,000 ரூபாய் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் கால சாலை வரி 13 சதவீதம். அவர் வரி மட்டும் 99,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார். இன்சூரன்ஸையும் சேர்த்தால் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். நீங்கள் இன்று ஷோரூமுக்குப் போனால் சாலை வரி 91,000. எல்லாம் சேர்ந்து 8,30,000-ஐ ஒட்டி வரும். பேரம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் இரண்டு வருடக் காருக்கு 7,00,000 கேட்கிறார் என்றால், மேல்செலவுக்கு ஒரு 40,000 சேர்த்து 7,40,000 ஆகிறது. புதுசுக்கும் அதற்கும் 90,000 ரூபாய்தான் வித்தியாசம். இதற்காக இரண்டு வருட வாரண்டியை விட்டுக்கொடுக்க வேண்டாம். 6,00,000-க்கு இறங்கினார் என்றால் வித்தியாசம் 1,90,000, உட்கார்ந்து பேசலாம்.

இன்சூரன்ஸ்காரர்கள் போடும் ஐடிவியையும் (காருக்கு அவர்கள் வைக்கும் மதிப்பு) கேட்டுப் பாருங்கள். ஒன்று முதல் இரண்டு வருடம் ஆன காருக்கு விலையில் 20 சதவீதமும், இரண்டு முதல் மூன்று வருடத்துக்கு 30 சதவீதமும் கழிப்பது வழக்கம். சந்தை விலை பொதுவாக அதைவிடக் கூடத்தான் போகும். ஆனாலும் பேசும்போது கையில் ஓர் எண் இருப்பது நல்லது.

கடன் வாங்கித்தான் எடுக்கப் போகிறேன். அப்போதும் இதே கணக்கா?

இல்லை, மாறும். பழைய காருக்கு வட்டி கூட. ஆறு லட்சத்தை ஐந்து வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 9 சதவீதத்தில் மாதத் தவணை 12,455 ரூபாய். 13 சதவீதத்தில் 13,652. மொத்தமாக 72,000 ரூபாய் அளவுக்கு அதிகம் கட்டுவீர்கள். இதையும் காரின் விலையில் கூட்டிவிட்டு அந்த ஐந்தில் ஒரு பங்குக் கணக்கைப் போடுங்கள். முழுக்கக் கடனில் எடுப்பவர்களுக்குப் பல நேரம் புதுக் கார்தான் சரியாக வருகிறது.

ஊட்டியில் ஓடின கார் வாங்கலாமா, கீழே ஓடினதையே தேட வேண்டுமா?

என்னிடம் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குறைவாகத்தான் கேட்கிறார்கள்.

மலையில் ஓடும் 20,000 கிலோமீட்டரும் அவிநாசி சாலையில் ஓடும் 20,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறுகிறோம், 14 கொண்டை ஊசி வளைவுகள். சீசனில் பர்லியாறு தொடங்கி வரிசை நின்றுவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஹாஃப் கிளட்ச். சமவெளியில் 80,000, ஒரு லட்சம் என்று உழைக்கும் கிளட்ச் பிளேட்டை இங்கே 25,000 கிலோமீட்டரில் கழற்றிப் போட்டிருக்கிறேன். ஓட்டியவர் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கமுள்ளவர். அந்த வண்டி பார்ப்பதற்குப் புதுசு போலவே இருந்தது.

இறக்கத்தில் பிரேக்கின் கதையும் இதுதான். இரண்டாவது கியரில் இறங்குபவரின் பிரேக் பேட் நன்றாக இருக்கும். நியூட்ரலிலோ நான்காவது கியரிலோ இறங்குபவரின் டிஸ்க் சூடேறி நெளிந்துபோகும். மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் அதுதான் அர்த்தம். முன் டயர்களையும் பாருங்கள். வளைவில் வேகமாகத் திருப்புகிறவரின் டயர் வெளி ஓரம் மட்டும் வழித்ததுபோல் தேய்ந்திருக்கும். ஒருவர் எப்படி ஓட்டினார் என்பதை டயரில் படித்துவிடலாம்.

இதற்காக மலைக் காரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து, கோத்தகிரி சாலையில் தினமும் பொறுமையாக ஏறி இறங்குபவரின் கார், ஊரிலிருந்து வந்து மாதம் இரண்டு முறை மலையேறியவரின் காரைவிட நல்ல நிலையில் இருக்கும். ஆளைப் பார்த்து, கூட ஒரு நடை அவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். கிளட்ச் செட் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்பதில் தவறே இல்லை.

பந்தலூர், தேவாலா பக்கம் மழையில் வெளியே நின்ற வண்டி என்றால் துரு பிடித்திருக்கிறதா என்று அடிப்பக்கத்தை லிஃப்டில் தூக்கிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

சென்னையில் விலை ரொம்பக் குறைவாக இருக்கிறது. போய் எடுத்து வரட்டுமா?

2016 தொடக்கத்தில் நான் செய்த தவறு இது. பதினோரு மாதமே ஆன கார், 9,000 கிலோமீட்டர், விலை எல்லாரையும்விட ஒரு லட்சம் குறைவு. சமவெளியில் ஒரு புரோக்கர் மூலம் அவசரமாக வாங்கி என் தங்கை வீட்டுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் பவர் விண்டோ நின்றது. ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. ஒரு நாள் இரவு காட்டேரி பக்கம் ஹெட்லைட் மொத்தமாகப் போய்விட்டது. காரில் இரண்டு குழந்தைகள். கார்ப்பெட்டைக் கழற்றியபோது அடியில் களிமண் படிந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். தொழில் தெரிந்தவன் நான், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடியிலும் தண்ணீருக்குள் நின்ற கார்கள் ஏராளம். அன்று புதிதாக இருந்தவைதான் பிறகு "கொஞ்சம் ஓடினது" என்று சந்தைக்கு வந்தன. எனவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மண் கோடோ பூஞ்சைப் புள்ளியோ தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளம், டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் இணைப்புகள், இந்த மூன்று இடத்திலும் டார்ச் அடித்துத் துருவைத் தேடுங்கள். ஷாம்பு வாசனை தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண் கொடுத்து, வெள்ளம் வந்த மாதத்துக்குப் பிறகு பெரிய வேலை ஏதும் நடந்ததா என்று கேட்கலாம்.

எங்கள் மூடுபனியிலும் சீட் பெல்ட்டில் பூஞ்சை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலேயே நிற்கும் ஊட்டிக் காரில் அது சாதாரணம். பூஞ்சையோடு மண்ணும் இருந்தால்தான் வெள்ளம்.

வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போது விற்கும் கார்கள் எப்படி?

பராமரிப்பு பெரும்பாலும் அருமையாக இருக்கும். சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாக வைத்திருப்பார்கள். நான் ஆசையோடு பார்க்கப் போகும் கார்கள் அவை.

ஆனால் பதிவெண் டில்லி, ஹரியானா, மகாராஷ்டிரம் என்று இருக்கும். அந்த மாநில ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியது ஏற்கெனவே கட்டியவர். அது கைக்கு வரும் என்று நம்பி விலை பேசாதீர்கள். பிஎச் வரிசை எண் (அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களுக்கான, நாடு முழுக்கச் செல்லும் எண்) என்றால், அந்தத் தகுதி இல்லாத நீங்கள் வாங்கும்போது அதைச் சாதாரண எண்ணாக மாற்றி வரி கட்ட வேண்டியிருக்கும். வரித்தொகையை ஊட்டி ஆர்டிஓ ஆபீசில் முன்கூட்டியே விசாரித்து, காரின் விலையில் கழித்துப் பேசுங்கள். என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவர் அடுத்த மாதம் ஜோத்பூரில் இருப்பார்.

கோவைப் பதிவெண் உள்ள கார் வாங்கினால் டிஎன் 43 (நீலகிரி) எண்ணாக மாற்றிக்கொள்ளலாமா?

ஒரே மாநிலத்துக்குள் பெயரும் முகவரியும்தான் மாறும். எண் அதேதான் இருக்கும். டிஎன் 37 வாங்கினால் கடைசி வரை டிஎன் 37.

முன்பெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. வேறு எண் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் கல்லாறிலோ பர்லியாறிலோ நிறுத்தப்படும்போது, இங்கேதான் குடியிருக்கிறேன் என்று காட்ட முகவரி மாற்றிய ஆர்சி கையில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். புதுக் காருக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடும் இடம் இது.

ஓட்டிப் பார்ப்பது எங்கே, எப்படி?

கோவையில் காரைப் பார்த்தாலும் சமதளத்தில் ஓட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள். டீசல் செலவை நான் தருகிறேன் என்று சொல்லி, குறைந்தது கல்லாறு தாண்டி நாலைந்து வளைவுகளாவது ஏற்றுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு கார் பாருங்கள்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள்; இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. நடு ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்து, வண்டி உருள்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று வரக்கூடாது. வளைவில் முழுசாகத் திருப்பும்போது முன் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். கீழே வந்ததும் இறங்கி, நான்கு சக்கரத்தின் அருகிலும் மூக்கை வையுங்கள். ஒன்றில் மட்டும் தீய்ந்த வாடை வந்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

குளிர் ஊருக்கு ஏசி எதற்கு? வேலை செய்யாவிட்டால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்.

வேலை செய்யாத ஏசி உள்ள காரை வாங்காதீர்கள். மழையிலும் மூடுபனியிலும் கண்ணாடி உள்பக்கம் ஆவி பூத்துவிட்டால் அதைச் சட்டென்று துடைப்பது ஏசிதான். மலையில் மாதக்கணக்கில் போடாமலே வைத்திருந்தால் சீல் காய்ந்து கேஸ் கசிவதும் உண்டு.

ஓடிய கிலோமீட்டர் உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டரை நம்பாமல் சர்வீஸ் பதிவை நம்புங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள். 15,000 ஓடிய காரில் டயர் மாறியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்து டயரையும் காரின் வருடத்தோடு ஒப்பிடுங்கள். பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தேய்மானமும் பொய் சொல்லாது. எம்-பரிவாகன் செயலியில் எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். டாக்ஸியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்டதா என்பதையும் ஆர்சியில் விசாரியுங்கள். சுற்றுலா ஊர் இது.

ஷோரூம் டெமோ கார்?

விலை இறக்கிக் கொடுத்தால் நல்ல வழிதான். ஆனால் ஏற்கெனவே பதிவானதாக இருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். வாரண்டியும் பதிவான நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். பலர் பலவிதமாக மிதித்த கிளட்ச் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுசில் சின்ன இன்ஜின், அதே விலைக்குப் பழசில் டர்போ கிடைக்கிறது. எதை எடுக்க?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். கோவையில் துள்ளிக்கொண்டு போன 1.2 லிட்டர் கார், நாலு பேரும் சாமானும் ஏறியதும் லவ்டேல் ஏற்றத்தில் முதல் கியருக்கு வந்துவிடுவது அதனால்தான். டர்போ அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். குடும்பத்தோடு அடிக்கடி ஏறி இறங்குபவர் என்றால் இரண்டு வருட டர்போவை எடுங்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டுபவருக்குச் சின்ன இன்ஜின் போதும்.

மின்சாரக் கார் பற்றியும் கேட்கிறார்கள். இறக்கத்தில் பேட்டரி ஓரளவு திரும்ப ஏறுவது நமக்கு நல்லது. ஆனால் மேலேயே முழுசாக ஏற்றிக்கொண்டு இறங்கினால் சேமிக்க இடமிருக்காது. மோட்டார் தரும் தடுப்பும் குறைந்து, பாரம் முழுக்கப் பிரேக்குக்கு வந்துவிடும். கொஞ்சம் இடம் விட்டே ஏற்றுங்கள்.

யாருக்குப் புதுக் காரே வாங்கச் சொல்வீர்கள்?

பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர்களுக்கு. அந்த முதல் இரண்டு வருட விலைச் சரிவைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் பெரிதாக வலிக்காது. காரைப் பார்த்துச் சொல்ல நம்பிக்கையான மெக்கானிக் இல்லாதவர்களுக்கு. தனியாக இரவில் ஓட்ட வேண்டிய செவிலியர்கள், ஆசிரியைகளுக்கு. வழியில் நின்றால் உதவிக்கு வர ஆளில்லாத சாலைகள் இங்கே நிறைய. பச்சைத் தேயிலைப் பணத்தில் தவணை கட்டுபவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன்: இலை விலை இறங்கும் மாதத்திலும் கட்ட முடிகிற தொகை எதுவோ, அதற்குள் எது வருகிறதோ அதை எடுங்கள். கட்ட முடியாமல் புதுக் காரை ஒரே வருடத்தில் விற்க வந்தவர்களை என் பட்டறை வாசலில் பார்த்திருக்கிறேன்.

வாங்கியாயிற்று. பெயர் மாற்றத்தைச் சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பணம் கொடுக்கும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்த கார் என்றால் கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யும் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் சேர்த்து. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் எங்காவது இடித்துவிட்டால், உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள்.

விற்பவருக்கும் இதில் அவசரம் உண்டு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தே ஊட்டி ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய்விட்டு வாருங்கள். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.